நாலு நிறத்தில் ஓர் உலகம்: பழைய கேம் பாணியில் படம் வரையும் பாட் செய்த அனுபவம்

ஒரு போட்டோவை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி மறுபடி பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் அதைப் பழைய கேம் படம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் காலத்து கேம்களை விளையாடிய கண்ணுக்கு ஏதோ ஒன்று இடிக்கும். அது என்ன என்று தேடிப் போனதில்தான் என் பாட், அதாவது தானாக இயங்கிப் பதிவிடும் நிரல், உருவானது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை, உலகத்தில் இல்லாத ஏதோ ஒரு கேமின் ஸ்கிரீன்ஷாட் மாதிரி ஒரு படத்தை அது தானாக வரைந்து பதிவிடும். பின்னால் மலை, ஒரு வீடு, ஒரு சின்ன நாயகன், கீழே பெட்டிக்குள் தமிழில் ஒரு வரி வசனம். இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று, கட்டும்போது கற்றதை எழுதுகிறேன். பைத்தான் நிரல்மொழியும், அதில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகமும் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும்; இதில் பெரிய கணிதம் எதுவும் கிடையாது.

கேம் பாயிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. 1989ல் வந்த கையடக்க கேம் கருவி. திரை 160க்கு 144 பிக்சல், நாலே சாயல். பலரும் இந்த இரண்டு தகவலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தக் கருவி பிக்சல் பிக்சலாகத் திரையை நிரப்புவதில்லை. 8க்கு 8 பிக்சல் அளவுள்ள டைல்களை அடுக்கித்தான் பின்னணியை வரையும். ஒரு டைலுக்கு 16 பைட். திரையில் 20க்கு 18, அதாவது 360 டைல் இடங்கள் இருக்கின்றன. திரை பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே டைல்களை மாற்றும் தந்திரங்களை விட்டுவிட்டால், பின்னணிக்கு ஒரே நேரத்தில் கிடைப்பது 256 வெவ்வேறு டைல்கள்தான். 360 இடம், 256 டைல். ஆக, ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வந்தே தீரவேண்டும்.

1983ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்து, வெளிநாடுகளில் என்இஎஸ் ஆன கருவியில் இந்த இறுக்கம் இன்னும் அதிகம். திரை 256க்கு 240, அதாவது 960 டைல் இடங்கள். பின்னணிக்குக் கிடைக்கும் டைல்கள் அங்கேயும் 256தான். நிறத்தில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. பின்னணிக்கு நாலு பேலட், அதாவது நிறத் தொகுப்பு. ஒவ்வொன்றிலும் சொந்தமாக மூன்று நிறம், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிறம். எந்தப் பேலட் என்பதை 16க்கு 16 பிக்சல் கொண்ட ஒரு சதுரத்துக்கு ஒன்றாகத்தான் சொல்ல முடியும். பச்சைப் புல்லும் சிவப்பு ஓடும் ஒரே சதுரத்துக்குள் வரவேண்டுமென்றால் இரண்டும் ஒரே பேலட்டில் இருக்கவேண்டும். அதனால்தான் அந்தக் கால கேம்களில் வீடுகளும் பாறைகளும் ஒரு கட்டத்துக்குள் அடங்கி நிற்கின்றன.

1982ல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி வேறு வகை. 256க்கு 192 திரையில் ஒவ்வொரு 8க்கு 8 சதுரத்திலும் இரண்டே நிறம். திரை முழுவதற்கும் 6912 பைட்; அதில் 6144 புள்ளிகளுக்கு, மீதி 768 நிறங்களுக்கு. நாயகன் மரத்துக்குப் பக்கத்தில் போனால் மரத்தின் நிறம் அவன் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணுக்கு இடித்தது இதுதான். சுருக்கிய போட்டோவில் ஒவ்வொரு டைலும் வேறு வேறாக இருக்கிறது, ஒவ்வொரு சதுரத்திலும் எந்த நிறம் வேண்டுமானாலும் வருகிறது. பழைய கேம் படம் என்ற உணர்வைத் தருவது பிக்சலின் பெரிய அளவைவிட, எந்திரத்திடம் இருந்த பற்றாக்குறையும் அதைச் சமாளித்த விதமும்தான். பாட் செய்ய உட்காருகிறவர் முதலில் எழுதவேண்டியது அந்தப் பற்றாக்குறையை.

என் நிரலில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு சின்ன விவர அட்டை இருக்கிறது. அகலம், உயரம், டைல் அளவு, கிடைக்கும் நிறங்கள், ஒரு சதுரத்துக்குள் எத்தனை நிறம், மொத்தம் எத்தனை டைல், பிக்சலின் அகல உயர விகிதம். அதோடு ஒரு சோதனைப் பகுதி. படத்தை யார் வரைந்தார்கள், எப்படி வரைந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. முடிந்த படத்தை வாங்கிப் பார்த்து, விதி மீறியிருந்தால் எந்தச் சதுரத்தில் என்று சொல்லித் திருப்பி அனுப்பும். வரையும் பகுதியையும் சோதிக்கும் பகுதியையும் கண்டிப்பாகப் பிரித்து வையுங்கள். வரைகிற நிரலை அடிக்கடி மாற்றுவோம், புதிது புதிதாக எதையாவது சேர்ப்போம். சோதனை மட்டும் அசையாமல் இருந்தால் தைரியமாக மாற்றலாம். இந்த முழு வேலையிலும் எனக்கு அதிகம் உதவியது இந்தச் சோதனைப் பகுதிதான்.

விதிக்குள் படத்தை அடக்குவது கேட்கும்போது கடினமாகத் தெரியும். ஸ்பெக்ட்ரத்துக்கு முழுக்க முயன்று பார்ப்பதே போதும். எட்டு நிறத்தில் இரண்டைத் தேர்ந்தால் 28 சோடி. சாதா வெளிச்சம், கூடுதல் வெளிச்சம் என்று இரண்டு நிலை, ஆக 56. மொத்தம் 768 சதுரம். ஒவ்வொன்றிலும் 56 சோடியையும் வைத்துப் பார்த்துக் குறைந்த பிழை தருவதை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. என்இஎஸ்சுக்கு இன்னும் கொஞ்சம் சுற்றவேண்டும். முதலில் 240 சதுரத்துக்கும் தனித்தனியாக நல்ல நிறங்களைக் கண்டுபிடித்து, ஒத்துப்போகும் சதுரங்களை நாலு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பேலட் அமைத்து, அப்புறம் எந்தச் சதுரம் எந்தக் குழுவில் இருந்தால் நல்லது என்று மறுபடி பார்க்கவேண்டும். சில சுற்றில் நிலைத்துவிடும்.

நிறங்களுக்கு இடையே தூரத்தை அளக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் எண்களை அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள். நம் கண் அப்படி அளப்பதில்லை. பியோர்ன் ஒட்டோசன் 2020ல் வெளியிட்ட ஓக்லாப் என்ற நிற முறைக்கு மாற்றிவிட்டு அளந்தால், கண்ணுக்குப் பக்கமாகத் தெரியும் நிறங்கள் கணக்கிலும் பக்கமாக வருகின்றன. குறிப்பாகத் தோல் நிறங்களிலும் நீலத்திலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது டிதரிங். நாலு சாயலை வைத்துக்கொண்டு வானம் மெல்ல வெளுப்பதைக் காட்ட, இரண்டு சாயல்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து நடுவில் ஒரு சாயல் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கவேண்டும். பலர் கைவைப்பது 1976ல் வெளியான ஃப்ளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறையில்தான். ஒரு பிக்சலில் வந்த நிறப் பிழையைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துக்கு 7, கீழே இடதுக்கு 3, நேர் கீழே 5, கீழே வலதுக்கு 1 என்று பகிர்ந்துவிடும். கொடுத்த பேலட்டுக்குப் படத்தை மாற்றச் சொன்னால், வேறு எதுவும் சொல்லாத பட்சத்தில் பில்லோ இதைத்தான் செய்யும். போட்டோவுக்கு அருமையாக இருக்கும். டைல் படத்துக்கு ஆகாது. பிழை பக்கத்து டைலுக்குள் வழிந்து போவதால், ஒரே மாதிரி இருக்கவேண்டிய பத்து புல் டைல்கள் பத்து விதமாகிவிடும். 256 என்ற எல்லை கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிப்போகும்.

இங்கே பேயர் கட்டம் கைகொடுக்கிறது. 4க்கு 4 கட்டத்தில் 0, 8, 2, 10. 12, 4, 14, 6. 3, 11, 1, 9. 15, 7, 13, 5 என்று எண்கள். பிக்சல் இருக்கும் இடத்துக்கு நேரான எண்ணைப் பார்த்து, அதைவிட வெளிச்சமாக இருந்தால் மேல் சாயல், இல்லாவிட்டால் கீழ்ச் சாயல். இடம் மட்டும்தான் கணக்கு. பக்கத்துப் பிக்சல் என்ன ஆனது என்ற கவலை இல்லை. 8 என்ற டைல் அளவு 4ஆல் மீதியின்றி வகுபடுவதால், ஒரே மூல டைல் திரையில் எங்கே வந்தாலும் ஒரே டைலாகத்தான் முடியும். டைல்கள் மிச்சமாகும், படமும் கையால் புள்ளி வைத்த மாதிரி ஒழுங்காகத் தெரியும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அழகுக்கும் நினைவக மிச்சத்துக்கும் ஒரே காரணம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கறுப்பும் வெள்ளையும் பாதிப் பாதியாகக் கலந்தால் கண்ணுக்குத் தெரிவது 128 என்ற சாம்பல் கிடையாது. 188க்குப் பக்கத்தில் இருக்கும். திரையின் எண்கள் ஒளியின் அளவோடு நேர்விகிதத்தில் இல்லாததால் வரும் விளைவு இது. எண்களை ஒளியின் அளவாக மாற்றிக் கணக்குப் போடாமல் டிதரிங் செய்தால் படம் முழுக்க வெளுத்துப்போகும்.

நிறப் பேலட்டைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடவேண்டாம் என்பது என் கருத்து. கணக்குப் போட்டு எடுக்கும் பேலட் எப்போதும் மங்கலாக, சேற்று நிறமாகவே வரும். பழைய எந்திரங்களின் நிறங்களுக்கு ஒரு முகம் உண்டு. கேம் பாயின் பச்சைக்கு வழக்கமாகப் புழங்கும் எண்கள் 15, 56, 15. 48, 98, 48. 139, 172, 15. 155, 188, 15. 1981ல் ஐபிஎம் கணினிக்கு வந்த சிஜிஏ என்ற நிறக் காட்சி அட்டையில் கறுப்பு, வெள்ளையோடு வெளிர் நீலமும் இளஞ்சிவப்பும் பளீரென்று நிற்கும். கண்ணைக் குத்தும் அந்த நிறங்களை நாம் சரிசெய்யப் போகக்கூடாது.

சரி, என்ன வரைவது? படம் வரையும் செயற்கை நுண்ணறிவிடம் "பிக்சல் ஆர்ட்" என்று கேட்டால் உடனே தரும். நான் அந்த வழியில் போகவில்லை. அதில் வரும் பிக்சல்கள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, கட்டத்தில் உட்காராது, நிறங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதைச் சரிசெய்து விதிக்குள் கொண்டுவரும் நேரத்தில் நாமே ஒரு வரையும் நிரலை எழுதிவிடலாம். அதில் கிடைக்கும் நிறைவும் தனி.

காட்சியை அடுக்கு அடுக்காகக் கட்டுகிறேன். முதலில் வானம், பிறகு தூரத்து மலை, பிறகு தரை, கடைசியாகப் பொருட்கள். மலைக்கோட்டுக்கு இரண்டு முனைகளை வைத்து நடுப்புள்ளியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் போதும். தரைக்கு ஒவ்வொரு இடத்திலும் மேலே, கீழே, இடம், வலம் ஆகிய நாலு பக்கமும் தரை இருக்கிறதா என்று பார்த்தால் 16 நிலைமை வரும். 16 டைல் வரைந்து வைத்துவிட்டால் ஓரங்கள், மூலைகள் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். நாயகனுக்கு 16க்கு 16 இடம். இடது பாதியை மட்டும் உருவாக்கி வலதுபக்கம் கண்ணாடிபோல் திருப்புகிறேன். தலை இங்கே, உடம்பு இங்கே கட்டாயம், இந்த இடங்களில் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்று ஒரு அச்சு வைத்துக்கொண்டால், எத்தனையோ விதமான ஆட்கள் வருவார்கள், எல்லோரும் ஆள் மாதிரியே இருப்பார்கள். கண்களை மட்டும் குருட்டாம்போக்கில் விடாமல் நிலையாக வையுங்கள். கண் சரியாக இருந்தால் மீதி எதுவாக இருந்தாலும் மனித மனம் அதை ஒரு முகமாக ஏற்றுக்கொள்கிறது.

1985ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே வடிவம். பேலட் மட்டும் வேறு. இதைத் தெரிந்துகொண்டபின் என் பாட்டின் காட்சிகளும் மாறின. ஒரே வளைவை மலைமுகட்டுக்கும் மரத்தின் தலைக்கும் கூரைக்கும் பயன்படுத்தச் சொன்னேன். படங்களுக்குள் ஒரு உறவு வந்தது. ஒருவரே உட்கார்ந்து ஒரே கையால் வரைந்த உலகம் மாதிரி ஆனது.

இனி தமிழுக்கு வருகிறேன். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கஷ்டமான பகுதியும் இதுதான்.

ஆங்கில எழுத்து 8க்கு 8 டைலில் வசதியாக உட்காரும். தமிழ் உட்காராது. ன என்ற எழுத்துக்கே சுழியைக் காட்ட இடம் வேண்டும். ண என்றால் இன்னும் ஒரு சுழி. புள்ளிக்கு மேலே ஒரு வரிசை, எழுத்தோடு ஒட்டாமல் இருக்க இன்னொரு வரிசை. கு, மு, ழு என்று கீழே இறங்கும் கொம்புகளுக்கு அடியில் மூன்று வரிசையாவது தேவை. எழுத்தின் உடம்புக்கு எட்டு வரிசை என்று வைத்தாலும் உயரம் குறைந்தது 13 வந்துவிடும். அதனால் 16 பிக்சல் உயரம் வைத்தேன். அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாறவிட்டேன். எல்லாவற்றையும் 16 அகலத்தில் அடைத்தால் கேம் பாய் பெட்டியில் ஒரு வரிக்கு ஒன்பது எழுத்துதான் கொள்ளும். ட, ர, ப போன்றவை தனித்தனித் தீவாக நிற்கும். மாறும் அகலம் வைத்தபின் வசனம் மூச்சுவிடத் தொடங்கியது.

247 எழுத்துக்கும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகளில் துணைக்காலும் கொம்பும் எழுத்திலிருந்து விலகியே நிற்பவை. ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்க்கும் ஆகும். ஔ வரிசையில் கொம்புக்குப் பிறகு வருவது ள வடிவம், அதுவும் கையில் இருக்கிறது. புள்ளியை மேலே ஒட்டவைத்துக்கொள்ளலாம். உ, ஊ வரிசைகள்தான் ஒவ்வொரு மெய்யிலும் வேறு வேறு உருவம் எடுக்கின்றன. அவற்றை மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரையத்தான் வேண்டும். இ, ஈ வரிசைகளில் பெரும்பாலும் ஒட்டு வேலை போதும், டி, டீ தனி. சின்ன அளவில் துணைக்காலும் ர-வும் ஒன்றுபோல் ஆகிவிடும் ஆபத்து உண்டு; ர-வுக்கு அடியில் ஒரு பிக்சல் சாய்வை விடாமல் வைத்தால் படிக்கிறவர் தடுமாற மாட்டார்.

யூனிகோட்டில் "பெண்" என்ற சொல்லில் ப முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும் சேமிக்கப்படுகிறது. வரையும்போது கொம்பு முன்னால் போகவேண்டும். "கொ" என்றால் ஒரு குறி இரண்டாகப் பிரிந்து க-வின் இருபக்கமும் நிற்கவேண்டும். சாதாரண எழுத்துருவைப் பில்லோவில் பயன்படுத்துகிறவர்கள், அதனோடு எழுத்துகளைச் சரியான இடத்தில் அடுக்கித் தரும் ராக்ம் நூலகம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் பில்லோ சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை வரிசையாக வைத்துவிடும், கொம்பெல்லாம் தவறான பக்கம் நிற்கும். உங்கள் கணினியில் சரியாக வந்து சர்வரில் மட்டும் சொதப்பினால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது. சொந்தப் பிக்சல் எழுத்து வைத்திருந்தால் இந்த மாற்றத்தை நாமே எழுதிக்கொள்ளலாம், விதிகள் கொஞ்சம்தான்.

வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் அசைபடம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறியீடுகளை எண்ணி வெட்டினால் "கு" வருவதற்கு முன் "க" தோன்றி மறையும், "க்" புள்ளி இல்லாமல் வந்து நிற்கும். மெய்யும் அதன் குறியும் சேர்ந்த முழு எழுத்தாகவே வெட்டவேண்டும்.

அடுத்து வாக்கியம். ஆங்கிலத்தில் வெற்றிடம் வைத்த ஒரு வார்ப்பில் பெயர்ச்சொல்லைப் போட்டால் வசனம் தயார். தமிழில் "மரம்" என்பதோடு "இல்" ஒட்டினால் "மரத்தில்". காடு காட்டில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும், கல்லில் இன்னொரு ல் சேரும். விதி எழுதிப் பார்ப்பதைவிட, என் சொல் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் வேண்டிய உருபுகளோடு முழு வடிவத்தையும் எழுதிவைத்தேன். குகை, குகையை, குகையில், குகைக்கு. பட்டியல் சின்னது, கையால் எழுதியது, அதனால் தப்பே வராது. ஒற்று மிகுவதை மட்டும் நிரல் பார்த்துக்கொள்கிறது. ஐ, கு என்ற உருபுகளில் முடிந்து அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் அந்த வல்லினத்தைச் சேர்த்துவிடும். "சாவியைத் தேடு", "குகைக்குப் போ", "வாளை எடு". அந்த ஒற்று விழுந்துவிட்டால் எந்திரம் எழுதியது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

வினைமுற்றும் ஆளுக்கு ஏற்ப மாறவேண்டும். அரசன் வந்தான், அரசி வந்தாள், பெரியவர் வந்தார், ஆமை வந்தது. பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் இந்த வகையைக் குறித்துவைத்தால் போதும். இதோடு விளிப்பையும் சேர்த்தேன். பெரியவர் நாயகனைத் "தம்பி" என்பார், பாட்டி "கண்ணு" என்பார், காவலன் அரசனை "மன்னா" என்பான். "கண்ணு, இருட்டுறதுக்குள்ள அந்த ஆற்றைத் தாண்டிடு" என்று ஒரு பாட்டி 160 பிக்சல் திரையில் சொல்லும்போது, அந்த இல்லாத கேமை விளையாடிப் பார்க்கத் தோன்றுகிறது என்று பலர் பதில் எழுதினார்கள். பாட்டுக்கு வந்த பதில்களிலேயே எனக்கு அதிக மகிழ்ச்சி கொடுத்தவை அவை.

படம் தயாரானதும் அதை ஏற்றுவதில் கவனம் வேண்டும். 160க்கு 144 படத்தை அப்படியே ஏற்றினால் தளம் அதைக் குழைத்துப் பெரிதாக்கிக் காட்டும். முழு எண் மடங்கில், அருகிலுள்ள பிக்சலை அப்படியே நகலெடுக்கும் முறையில் பெரிதாக்கி அனுப்புங்கள். கேம் பாய்க்கு ஆறு மடங்கு என்றால் 960க்கு 864. என்இஎஸ்சுக்கு நாலு மடங்கு, 1024க்கு 960. மிகப் பெரிதாக அனுப்பினால் சில தளங்கள் தாமே சுருக்கிக் கெடுத்துவிடும். சிஜிஏவின் 320க்கு 200 திரையில் பிக்சல் சதுரம் இல்லை; 4க்கு 3 விகிதத் திரையை நிரப்ப அது கொஞ்சம் நெட்டையாக இருந்தது. குறுக்கே ஐந்து மடங்கு, நெடுக்கே ஆறு மடங்கு பெரிதாக்கினால் 1600க்கு 1200 வரும், விகிதம் துல்லியமாக அமையும்.

கோப்பு வகை பிஎன்ஜிதான், அதிலும் பேலட் வகை. நாலு நிறப் படம் ஒரு பிக்சலுக்கு இரண்டு பிட்டில் அடங்கிவிடும் என்பதால் கோப்பு மிகச் சிறியதாக இருக்கும். ஜேபெக் பக்கமே போகவேண்டாம். அது நிறத் தகவலைப் பெரும்பாலும் பாதித் துல்லியத்தில்தான் வைத்திருக்கும். சிவப்பும் நீலமும் சந்திக்கும் கோடுகளில் அழுக்குப் படியும். ஜிஃப் அசைபடங்களைப் பல தளங்கள் வீடியோவாக மாற்றிவிடுவதால் அங்கேயும் இதே அழுக்கு வரும். அசைவு அவசியமா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

பார்வையற்றவர்களுக்கான மாற்று உரையை நான் ஒரு கடமையாகவே நினைக்கிறேன். இந்த வகைப் பாட்டுக்கு அது சுலபமும்கூட. காட்சியில் என்னென்ன இருக்கிறது என்பது வரைவதற்கு முன்பே பட்டியலாக நம் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலையே வாக்கியமாக்கி, பெட்டிக்குள் இருக்கும் வசனத்தையும் முழுதாகச் சேர்த்து அனுப்பினால் முடிந்தது. "பச்சை நிறத்தில் நாலு சாயல் படம். ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, வாசலில் பாட்டி, எதிரே வாள் பிடித்த சிறுவன்" என்பதுபோல.

பாட்டை ஓட்டுவதைப் பற்றிச் சில வார்த்தை. படம் செய்யும் நிரலும் பதிவிடும் நிரலும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கட்டும். 2023ல் ட்விட்டர் தன் ஏபிஐ (வெளி நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) விதிகளை மாற்றியபோது ஏராளமான படைப்பு பாட்கள் நின்றுபோயின. பலர் குடிபெயர்ந்த, மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் பாட்களுக்கென்றே இருந்த சர்வரான பாட்சின்.ஸ்பேஸும் 2024 இறுதியில் மூடப்பட்டது. பதிவிடும் பகுதி தனியாகச் சின்னதாக இருந்தால் இன்னொரு தளத்துக்கு மாற ஒரு மாலைப்பொழுது போதும்.

கணக்கில் பதிவிட நிரலுக்குத் தரப்படும் ரகசிய அனுமதி டோக்கனை நிரலுக்குள் எழுதாமல், நிரலுக்கு வெளியே கணினி வைத்திருக்கும் சூழல் மாறியில் வையுங்கள். நிரலைப் பொதுவில் வைத்தால் அதுவும் கூடவே போய்விடும். கணக்கில் இது தானியங்கி என்று குறியுங்கள். மாஸ்டடானில் அதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. இணைப்பு நடுவில் அறுந்து நிரல் மறுபடி முயன்றால் ஒரே படம் இரண்டு முறை பதிவாகலாம். இதைத் தடுக்க ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளச் சாவியைக் கோரிக்கையோடு அனுப்ப மாஸ்டடான் வழி வைத்திருக்கிறது. அதே சாவி மறுபடி வந்தால் புதிய பதிவு உருவாகாது. படம் ஏற்றியவுடன் பதிவிடாமல், சர்வர் அதைத் தயார்செய்து முடித்ததா என்று கேட்டுவிட்டுப் பதிவிடுங்கள்.

பொதுவில் விடுவதற்கு முன் பதிவிடாமல் வெறுமனே வரைந்து கோப்புறையில் போடும் ஒரு முறையை வைத்துக்கொள்ளுங்கள். நூறு படத்தை ஒரே தாளில் சின்னச் சின்னதாக அடுக்கிப் பார்த்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத சலிப்பு தெரியும். எல்லா வீடும் இடப்பக்கமே நிற்கும், எல்லா நிலவும் ஒரே உயரத்தில் இருக்கும். சொல் பட்டியலையும் அப்படியே பார்க்கவேண்டும். தனித்தனியாக நல்ல சொற்கள் சேரும்போது யாரையோ புண்படுத்தும் வாக்கியமாகிவிடக்கூடும். எந்தச் சொல்லைப் போட யோசிக்கிறோமோ அதை எடுத்துவிடுவதே நல்லது.

பிறகு, கேட்கிறவர்களின் போட்டோவை மாற்றித் தரும் வசதியையும் சேர்த்தேன். இதில் கவனிக்கவேண்டியவை வேறு. செல்போன் போட்டோக்களில் திருப்பும் திசை தனித் தகவலாக இருக்கும். முதலில் அதைப் படித்து நிமிர்த்தாவிட்டால் ஆட்கள் படுத்துக்கிடப்பார்கள். கோப்பு சின்னதாக இருந்து விரித்தால் நினைவகத்தையே விழுங்கும் படங்களை யாராவது அனுப்பக்கூடும். பில்லோ சுமார் 9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், என் எல்லையை அதற்கும் வெகு கீழே வைத்திருக்கிறேன். கேட்டவர் தானே பதிவிட்ட படத்தை மட்டுமே பாட் எடுக்கும். இன்னொருவர் படத்துக்குக் கீழே போய்ப் பாட்டைக் கூப்பிட்டால் பேசாமல் இருந்துவிடும், ஏனென்றால் அந்தப் படத்தின் சொந்தக்காரர் சம்மதம் சொல்லவில்லை. மூலப்படத்தை வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறது. தானியங்கி என்று குறித்த கணக்குகளுக்குப் பதில் சொல்லாது. இல்லாவிட்டால் இரண்டு பாட்கள் ஒன்றுக்கொன்று முடிவில்லாமல் பதில் போட்டுக்கொண்டிருக்கும். பதில்களைப் பொது ஓட்டத்தில் வராத நிலையில் போடுகிறேன், யார் டைம்லைனும் நிரம்பிவிடக்கூடாது.

ஒவ்வொரு காட்சியும் ஒரு சீட் எண்ணிலிருந்து, அதாவது குருட்டாம்போக்கு எண்கள் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் மூல எண்ணிலிருந்து, பிறக்கிறது. அந்த எண்ணைப் பதிவிலேயே போட்டுவிடுகிறேன். யாராவது அந்த எண்ணையும் எந்திரத்தின் பெயரையும் எழுதிக் கேட்டால், அதே காட்சியைப் பாட் வேறு எந்திரத்தின் விதியில் வரைந்து தரும். கேம் பாயில் அமைதியாக நின்ற வீடு சிஜிஏவில் இளஞ்சிவப்பு வானத்தின் கீழ் நிற்கும். ஸ்பெக்ட்ரத்தில் பாட்டியின் சேலை நிறம் கதவின் மேலும் படியும். இதில் ஒன்றை மறக்காதீர்கள். நிரலில் சீட்டிலிருந்து எண் எடுக்கும் வரிசை ஓர் இடத்தில் மாறினாலும் பழைய எண்கள் புதுக் காட்சிகளைத் தரத் தொடங்கிவிடும். அதனால் சீட்டோடு நிரலின் பதிப்பு எண்ணையும் சேர்த்துச் சேமிக்கிறேன். மலை, வீடு, ஆள், வசனம் ஒவ்வொன்றுக்கும் மூலச் சீட்டிலிருந்து தனித்தனிச் சீட் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். இப்படிப் பிரித்தால், புதிதாக ஒரு மரவகை சேர்த்தாலும் பழைய பதிவுகளில் இருக்கும் பாட்டியும் அவர் சொன்ன வசனமும் மாறாமல் அப்படியே இருக்கும்.